பாவூர்சத்திரத்துக்கு வெயில் காயப் போன கட்டில்

சாரல் காலத்தில் இரும்புக்குப் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்பது தென்காசி வட்டாரத்தில் எருமை மாட்டுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாது. நான் டிராயிங் வாத்தியார்.

அப்போது மேலகரத்தில் குடியிருந்தோம். வீட்டில் ஓர் இரும்புக் கட்டில் இருந்தது. கல்யாணத்துக்கு மாமியார் சீராகக் கொடுத்தது. நாலு மூலையிலும் பித்தளைக் குமிழ். அதில் ஒன்று லேசாக நசுங்கியிருக்கும். வருஷத்தில் ஒன்பது மாதம் அது கட்டில், மிச்ச மூன்று மாதம் துணிக்கொடி. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்டால் போதும், எங்கெங்கோ இருக்கிற சொந்தமெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். குளித்துவிட்டு வந்து ஈரத்துண்டு, ஈரவேட்டி, கோவணம் வரைக்கும் அதன் மேல்தான் காயப்போடுவார்கள். காயும் என்பது ஒரு பேச்சுக்கு. துணியின் ஈரத்தைக் கட்டில் குடிக்கும், கட்டிலின் துருவைத் துணி வாங்கிக்கொள்ளும்.

ஓர் ஆடி மாதம், திங்கட்கிழமை, பாளையங்கோட்டையிலிருந்து மாமியாரின் கார்டு வந்தது. மூட்டுவலிக்குப் பத்து நாள் அருவியில் நிற்க வேண்டும், வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று. அவர் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கார்டைப் படித்த கையோடு என் மனைவி கட்டிலிடம் போய்த் துணிகளை அள்ளினாள். அடியில் இருந்ததைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அம்மா வந்ததும் மொதல்ல இதைத்தான் பாப்பா. கட்டிலையே இப்படி வச்சிருக்கவரு எம்மகளை எப்படி வச்சிருப்பாருன்னு நெனைப்பா. வாயத் தொறந்து கேட்டாக்கூடப் பரவால்ல. கேக்க மாட்டா."

கேட்க மாட்டார்தான். பதினாலு வருஷத்தில் மாமியார் என்னிடம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாப்பிள்ளையிடம் பேசுவது அவர்கள் வீட்டு வழக்கமில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார். மகள் பக்கத்தில் இல்லாவிட்டால் தூணிடம் சொல்வார். "மழை வரும்போல இருக்கு, கொடை எடுத்துட்டுப் போனா நல்லது" என்று தூணுக்குப் புத்தி சொல்வார். நான் குடையை எடுத்துக்கொள்வேன். அப்படிப்பட்டவர் மனசுக்குள் நினைத்துக்கொண்டால் நான் எங்கே போய் வாதாடுவது?

"நாலு நாள் கெடக்குல்லா? புதுசாக்கிருதேன் பாரு" என்றேன்.

தென்காசிக் கடையில் பச்சை எனாமல் ஒரு டப்பா வாங்கினேன். கடைக்காரர், "சார்வாள், துருவைச் சுத்தமாச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, செவப்பு ஆக்சைடு ஒரு கை அடிச்சுட்டு, அதுக்கப்புறம்லா இது" என்றார். தூரிகை பிடித்துப் பிழைக்கிறவனிடமா? ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வந்தேன். அன்று சாயங்காலமே துருவின் மேலேயே தாராளமாக இரண்டு பூச்சு. முடித்தபோது கட்டில் கிளி மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை தொட்டேன், ஒட்டியது. அரைமணி கழித்துத் தொட்டேன். அப்புறம் கால்மணிக்கு ஒருதரம். புதன்கிழமை மத்தியானத்துக்குள் அந்தக் கட்டிலில் என் கைரேகை இல்லாத இடமில்லை. அதை வைத்து எந்தக் கோர்ட்டிலும் எனக்குத் தண்டனை வாங்கிக்கொடுத்திருக்கலாம். பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்தேன். எழுதி முடித்ததும் நிஜமாகவே வலித்தது. சவரம் செய்ய நேரமில்லை. இரும்புச் சட்டியில் கங்கு போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். கரி ஈரம், புகை மட்டும் வந்தது. கண் இரண்டும் மிளகாய்ப்பழம். பனையோலை விசிறியை எடுத்து விசிறினேன்.

"கட்டிலுக்கு இந்த விசிறு விசிறுதியளே, எனக்கு ஒருநா விசிறியிருக்கியளா?" என்றாள் மனைவி.

புதன் சாயங்காலம், தெருமுனைக் கடையில் வெங்காய மூட்டை இறக்க வந்த மாட்டுவண்டிக்காரர் என் கூத்தைப் பார்த்து நின்றார். "இங்கனதான் சார்வாள் வானம் அழுதுக்கிட்டுக் கெடக்கு. பாவூர்சத்திரம் தாண்டுனா வெயிலு மண்டையப் பொளக்குது" என்றார்.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும் கட்டில் அவருடைய வெறும் வண்டியில் ஏறிவிட்டது. "தொடாதிய, தொடாதிய" என்று நான் கத்திக்கொண்டே இருந்ததில், கயிற்றைக் கால்களில் மட்டும் கட்டினார். நான் வண்டிக்குப் பின்னால் நடந்தேன். தென்காசி நனைந்துகொண்டிருந்தது. பாவூர்சத்திரம் தாண்டியதும் வெயில்! அசல் வெயில்! வண்டியை ரோட்டோரம் நிறுத்தச் சொல்லிவிட்டு மேற்கே திரும்பி மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

ஆனால் ஆடி மாதம் அந்தப் பக்கம் காற்று அடிக்கும் என்பதையும் எருமை மாட்டிடமே கேட்டிருக்கலாம். செம்மண் புழுதி எழும்பி வந்து ஈரப் பெயிண்டில் குடியேறியது. கட்டில் எள்ளில் புரட்டிய மாதிரி ஆயிற்று. சட்டையைக் கழற்றி மறைத்தேன், போதவில்லை. வேட்டியையும் அவிழ்த்து, இடுப்பில் துண்டோடு, காற்று எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் ஓடி ஓடி மறைத்தேன்.

அப்போது திருநெல்வேலியிலிருந்து வந்த பஸ் எங்களைத் தாண்டிப் போய்ச் சட்டென்று நின்றது. தகரப் பெட்டியோடு ஓர் அம்மா இறங்கினார். என் மாமியார். அருவியில் தண்ணீர் பிரமாதமாக விழுகிறது என்று யாரோ சொல்லப்போக, ஒருநாள் முந்தியே புறப்பட்டுவிட்டாராம். நான் கட்டிலுக்கடியில் ஒளியலாமா என்று பார்த்தேன். அது இரும்புப் பட்டை பின்னிய கட்டில், நாலு பக்கமும் தெரியும்.

பத்தடி தள்ளி நின்றார். நசுங்கிய குமிழைப் பார்த்தார். பிறகு மாட்டிடம் கேட்டார்: "இந்தக் கட்டிலு எங்க போகுது?"

மாடு பதில் சொல்லவில்லை. நான் வண்டிக்காரரிடம், "சந்தைக்கு இல்லைன்னு சொல்லும்" என்றேன்.

"சந்தைக்கு இல்லையாம் ஆச்சி."

"பின்ன எங்க?"

"எங்கயும் இல்லையாம். கொஞ்ச நேரம் வெயில்ல நிக்கட்டும்னு கூட்டியாந்திருக்காரு."

வண்டிக்காரர் சொன்னது முழு உண்மை. அதைவிடக் கேவலமான பொய்யை நானே யோசித்திருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. சீர்க்கட்டிலை விற்கிற மாப்பிள்ளை என்ற பட்டத்துக்குத் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆனால் மாமியார் முகத்தில் கோபம் இல்லை. "ஏன் மொகம் மழிக்காம இருக்காரு?" என்றார் மாட்டைப் பார்த்து, மெதுவாக. "கண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்கு?" விறுவிறுவென்று வந்து கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"மாப்ளே, எம்மவளுக்கு என்ன ஆச்சு?"

அப்புறம்தான் அவர் பார்த்தது எனக்கும் தெரிந்தது. சாவு விழுந்த வீட்டிலிருந்து படுக்கையைத்தான் முதலில் வெளியேற்றுவார்கள். இங்கே மகளின் கட்டில் வண்டியில் நிற்கிறது. பக்கத்தில் மூன்று நாள் தாடியோடு, வெற்றுடம்போடு, இடுப்பில் துண்டோடு மருமகன்.

"ஐயோ அத்தை, அவ நல்லாருக்கா! நல்லாச் சாப்பிட்டுக்கிட்டு நல்லாருக்கா! கட்டிலுக்குத்தான்... நான்தான் ஈரத்துணி போட்டுப் போட்டுத் துருவாக்கிட்டேன். நீங்க பாத்திரக் கூடாதுன்னு மேல பெயிண்ட் அடிச்சேன். காயல." மூன்று நாளாகக் கட்டிக் காத்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்து விழுந்தது.

மாமியார் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். வண்டிக்காரர் தன் சொம்பிலிருந்து தண்ணீர் கொடுத்தார். பாதியைக் குடித்து, பாதியை முகத்தில் அடித்துக்கொண்டார். பிறகு எழுந்து சட்டத்தில் நகத்தை வைத்து ஒரு இழு இழுத்தார். வாழைப்பழத் தோல் மாதிரி பெயிண்ட் உரிந்து வந்தது. உள்ளே துரு, நான் விட்டபடியே.

"சுரண்டாம அடிச்சா இரும்பு எப்படி ஏத்துக்கிடும்?" என்றார், மறுபடியும் மாட்டிடம்.

"நல்லாக் கேளுங்க ஆச்சி" என்றார் வண்டிக்காரர். நான் போய் வேட்டியைக் கட்டிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது மனைவி வாசலில் நின்றாள். கட்டிலையும் அம்மாவையும் ஒரே வண்டியில் பார்த்ததும் முந்திக்கொண்டாள். "அம்மா, கட்டிலை நான்..."

"கட்டிலு கெடக்கு. ஏட்டி, நீ இங்கன வா." இரண்டு தோளையும் பிடித்து அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மகளின் ரவிக்கையில் அஞ்சு விரலும் பச்சையாகப் பதிந்தது. எதற்கு இப்படிப் பார்க்கிறாள் என்று மனைவி என்னிடம் கண்ணால் கேட்டாள். நான் கட்டிலை இறக்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை அருவியில் நல்ல வரத்து. யாரும் போகவில்லை. மண்ணெண்ணெய், கம்பி பிரஷ், உப்புத்தாள் எல்லாவற்றையும் பரப்பிக்கொண்டு மாமியார் முதல் காலுக்கு உட்கார்ந்தார். சுரண்டிய இடத்தில் இப்போதைக்குத் தேங்காயெண்ணெய் தடவி வைப்பது, பெயிண்ட் பங்குனி வெயிலில்தான் என்று மகள் மூலமாக எனக்கு உத்தரவு வந்தது. சாயங்காலம் வரைக்கும் இரண்டு கால்தான் வெளுத்தது. மூன்றாவது காலை மனைவி தொடங்கப் போனாள். மாமியார் அவள் கையிலிருந்த பிரஷை வாங்கி, தரையோடு என் பக்கம் தள்ளிவிட்டார்.