பவானி அக்கா கழற்றிக் கொடுத்த பிப்

பவானி அக்கா இறந்த செய்தி வந்தபோது நாம் சித்தூர் ஹாஸ்டலில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். நம் நெட்பால் கோச் வாசலிலேயே நின்று சொன்னார். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா. யார் கேட்டாலும் அதான். தெரிஞ்சுதா?" தட்டைப் பார்த்தபடியே சோற்றைப் பிசைந்தோம்.

அவளோடு ஆடிய உங்களுக்காக, போர்வைக்குள் டார்ச் வைத்து இதை எழுதுகிறேன். வராண்டாவில் செருப்புச் சத்தம் கேட்டால் நிறுத்திக்கொள்கிறேன்.

நாராயணவனத்தில் பிறந்து இந்தியாவுக்காக மலேசியா வரை போய் ஆடியவள் அக்கா. திரும்பி வந்த அன்று, "அங்க இன்னாக்கா துன்னே?" என்று சூழ்ந்துகொண்டோம். "நூடுல்ஸ்தான். மூணாம் நாளே ரசம் கனவுல வந்துடுச்சு" என்றாள்.

வளையத்தின் கீழ் காவல் நிற்க எனக்கு எப்போதும் பயம். அக்கா சொல்வாள்: "பயந்துக்கினே இரு, இன்னா இப்போ? கையைத் தூக்கு. எதிர்ல இருக்கறவளுக்குக் கைதான் தெரியும்."

திருப்பதியில் நடந்த தேர்வுப் போட்டியில் பந்துக்குத் தாவியவள், கம்பத்தில் பின்தலை மோதி விழுந்தாள். எழுந்து நேராக என்னிடம் வந்தாள். நான் மாற்று ஆள். மார்பில் மாட்டியிருந்த பிப்பை, கோல் கீப்பருக்கான 'ஜி.கே.' எழுத்துத் துணியை, கழற்றி என் கையில் வைத்தாள். நம் ஆட்டத்தில் பிப்பைக் கொடுத்தால் இடத்தையே கொடுத்ததாக அர்த்தம்.

"எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுடி. நீ போ."

கோச் சார் பார்த்துவிட்டார். "இந்தியாவுக்கு ஆடினவளுக்கு இதெல்லாம் ஒரு அடியா? அவளுக்கே மாட்டி விடுடி."

நான் மாட்டிவிட்டேன். குழந்தை சட்டைக்குக் கை தூக்குவதுபோல் அவளும் தூக்கினாள். நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். ஜெயித்தோம். திரும்பும் பஸ்ஸில் சந்திரகிரி தாண்டுவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். காலையில் பக்கத்துக் கட்டிலில் எவ்வளவு உலுக்கியும் எழவில்லை. அங்கிருந்துதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அவள் பாத்ரூமுக்குப் போகவே இல்லை.

இன்று மாலை சார் அதே பிப்பை என்னிடம் நீட்டினார். "இனிமே ஜி.கே. நீதான். வாய் மட்டும் ஜாக்கிரதை." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நாளை அக்காவின் நைனா அவள் பெட்டியை எடுக்க வருகிறார். என் மகள் எப்படி விழுந்தாள், யார் பார்த்தது என்று நம் எல்லோரிடமும் கேட்பாராம்.

பிப் என் தலையணைக்குள் இருக்கிறது. அதை அவரிடம் கொடுத்துவிடுவேன். அக்கா சொன்ன சொல்லை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். யார் பார்த்தது என்று அவர் கேட்கும்போது சார் கதவருகேதான் நிற்பார். என் முகம் எப்படியோ இருக்கட்டும். கையைத் தூக்குவேன்.