மனைவியின் மலை சைக்கிள்

கல்யாணத்துக்கு முன்பே அந்தச் சைக்கிள் அவளிடம் இருந்தது. தடித்த டயர், இரும்புச் சட்டம். மலைப்பாதைக்கென்றே செய்த பழைய மாடல். ஞாயிறு காலையில் ஊருக்குப் பின்னாலிருந்த குன்றில் அதில் ஏறிப்போவாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் அடிவாரக் கடையில் பேப்பர் படித்தபடி காத்திருப்பார்.

"வாரம் முழுக்க மேலயும் கீழயும் போறவன் நான். லீவு நாள்லயுமா?" என்பார்.

வியர்க்க விறுவிறுக்க இறங்கி வந்து, "உச்சியில நின்னா நம்ம மொட்டைமாடி தெரியுது" என்பாள் அவள்.

பிறகு அவளுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவள் விமானம் ஏறினாள். சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போனது. ஈரத்துண்டு காயப்போட அதன் ஹேண்டில்பார் வசதியாக இருந்தது.

வருஷங்கள் போயின. ஒரு நாள் போனில் பேச்சோடு பேச்சாக, "என் சைக்கிள் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"அதுக்கென்ன, ஜம்முனு இருக்கு" என்று கூசாமல் சொன்னவர், அன்று சாயங்காலமே அதைக் கூடத்துக்கு இழுத்துவந்தார்.

"எடைக்குப் போட்டுடுங்க சார்" என்றார், மறுநாள் அதைப் பார்த்த சைக்கிள் கடைக்காரர்.

"அதைக் கேக்க வரலை. இதுக்குப் பொருந்துற பிரேக் கட்டை இருக்கா?"

செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். கியர் கேபிளை மாற்றினார். சீட் கம்பிதான் துருவேறிச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு அசையவே மாட்டேன் என்றது. எண்ணெய் விட்டுக் காத்திருந்து, தட்டி, திருகி, ஒருவழியாக உருவினார். தேய்த்துச் சுத்தம் செய்து, அவள் வைத்திருந்த உயரத்திலேயே திரும்ப மாட்டினார்.

அடுத்த ஞாயிறு குன்றுக்குப் போனார். முழங்கால் நெஞ்சில் இடித்தது. பாதி ஏற்றத்தை மிதித்தும் மீதியைத் தள்ளியும் உச்சிக்கு வந்து, மூச்சு அடங்கியதும் அவளைக் கூப்பிட்டார்.

"என்னங்க, இந்த நேரத்துல?"

"குன்று மேல நிக்கிறேன். உன் சைக்கிள்லதான் வந்தேன்."

கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு ஊரைப் பார்த்தார்.

"நம்ம மொட்டைமாடி எந்தப் பக்கம்? தேடித்தேடிப் பாக்குறேன், தெரியலையே."

அவள் சிரித்துவிட்டாள். "தெரியாதுங்க. நடுவுல அந்தப் பெரிய கட்டடம் மறைக்குது. அப்படிச் சொன்னாலாவது ஒரு நாள் கூட வருவீங்கன்னு பாத்தேன்."

"வான்னு கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிடலையா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"இந்த வருஷமும் லீவு இல்லைன்னுட்டாங்க. ஆள் பத்தலையாம்."

"சரி" என்றார். சைக்கிளை இறக்கத்தின் பக்கம் திருப்பினார்.

"போனை வைக்காதீங்க. பையில போட்டுக்கிட்டு இறங்குங்க, நான் கேக்குறேன். வளைவுல மட்டும் முன் பிரேக்கைப் பிடிச்சுடாதீங்க."

சரளைக்கல் தெறிக்க இறங்கினார். காற்று சட்டைக்குள் புகுந்து படபடத்தது. அடிவாரத்தில் நிறுத்திப் போனைக் காதில் வைத்தார்.

"வந்துட்டேன்."

"கேட்டுச்சு."

அவளை வார்டில் யாரோ கூப்பிடுவது அவருக்கும் கேட்டது.

"கூப்பிடுறாங்க பாரு. போ."

"ம்" என்றாள். போகவில்லை.