ஒரு பிடி உளுந்து

எங்கள் பக்கம் கரிசலில் உளுந்து விதைக்கிறவர்கள் முதல் பிடி விதையைக் கைராசிக்காரர் ஒருவர் கையால் வாங்குவார்கள். அவர் மனதார அள்ளிக் கொடுத்தால்தான் வெள்ளாமை வீடு வந்து சேரும் என்று நம்பிக்கை. எனக்கு அந்தக் கை, கோவில்பட்டியில் விதைக்கடை வைத்திருக்கும் பாயுடையது. பசுவந்தனையிலிருந்து பஸ் ஏறிப் போய் வருசா வருசம் அவரிடம்தான் வாங்கினேன். நல்லா வெளையட்டும் என்று சொல்லித்தான் கொடுப்பார்.

மக்காச்சோளம் ரெண்டு வருசம் படைப்புழுவில் போன எரிச்சலில் இருந்தபோதுதான் ஓர் இந்து அமைப்பில் சேர்ந்தேன். அங்கே என்னை 'ஜி' என்று கூப்பிட்டார்கள். இந்த வயதில் அதில் என்ன கிறக்கமோ, கூப்பிடும்போதெல்லாம் நெஞ்சு நிமிர்ந்தது. முஸ்லிம்களைப் பற்றித் தினமும் செல்போனில் ஏதாவது அனுப்புவார்கள். பாதிக்கு மேல் பொய் என்று தெரியும். தெரிந்தேதான் நாலு பேருக்குத் தள்ளிவிட்டேன்.

விநாயகர் சதுர்த்திக்கு முன்னால் ஒரு மண்டபத்தில் உட்காரவைத்து, இனி முஸ்லிம் கடையில் எதுவும் வாங்கமாட்டோம் என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். யாரும் என் கையைப் பிடித்துத் தூக்கவில்லை. முன்வரிசையில் இருந்துகொண்டு நானாகத்தான் தூக்கினேன். பாயின் முகம் நினைவுக்கு வரத்தான் செய்தது. சும்மா ஒரு பேச்சுக்குத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஊர்வலம் வேண்டுமென்றே அவர் கடை முன்னால் நின்றது. கோஷம் போட்டார்கள். என்ன 'போட்டார்கள்', போட்டோம். என் பக்கத்தில் நின்றவன் கல்லை எறிந்தான். பாயின் நெற்றி உடைந்து ரத்தம் வந்தது. அவர் எறிந்தவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நான் கொடியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். பிறகு போலீஸ் கேட்டபோது, நான் முன்னாலேயே போய்விட்டேன், ஒன்றும் பார்க்கவில்லை என்றேன். சாட்சி இல்லாமல் கேஸ் அப்படியே நின்றுபோனது.

புரட்டாசிக் கடைசியில் மழை பெய்தது. அமைப்பு காட்டிய கடையில் விதை வாங்கி வந்துவிட்டு, ரெண்டு நாள் மூட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அந்தக் கை படாத விதையை மண்ணில் போட மனசு வரவில்லை. வெட்கங்கெட்டவன் நான், மூன்றாம் நாள் மத்தியானம் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பாய் கடையின் பின்வாசலில் போய் நின்றேன்.

பாய் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நெற்றியில் தையல் போட்ட இடம் இன்னும் கன்றித்தான் இருந்தது. முதல் பிடி மட்டும் கேட்டேன். உளுந்து மூட்டைக்குள் கையை விட்டவர், அள்ளாமல் அப்படியே நின்றார்.

"கை அதே கைதான் அண்ணாச்சி. மனசுதான் சரியில்ல. இந்த மனசோட அள்ளிக் குடுத்தா உங்க காட்டுல முளைக்காது. வேற யார்ட்டயாவது வாங்கிக்கோங்க."

கோபமாகச் சொல்லவில்லை. என் காடு கெட்டுவிடக் கூடாதே என்ற கவலையில் சொன்னார். அப்போதாவது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தப்புப் பண்ணிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் தலையில் கிடந்த துண்டை எடுத்து அவர் முன்னால் விரித்துப் பிடித்தேன்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க பாய். ஒரு பிடி போதும்" என்றேன்.