வீட்டில் யாரும் இல்லை

வாசல் கதவை யாராவது தட்டினால் என் மாமியாரிடம் இருந்த பதில் ஒன்றே ஒன்றுதான்: "வீட்டுல யாரும் இல்லைங்க." அதையும் உரக்கச் சொல்ல மாட்டார். தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, வெளியே நிற்பவர் காதைத் தீட்டிக்கொண்டால் மட்டும் கேட்கிற மாதிரி சொல்வார். அப்படிச் சொல்லும்போது வீட்டுக்குள் அவர் இருப்பார், நான் இருப்பேன், அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும். ஆனாலும் யாரும் இல்லை. ஆண்பிள்ளை இல்லை என்பதற்குத்தான் அந்தப் பேச்சு.

அறுபதுகளின் நடுவில் சிதம்பரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். பிறந்தது கடலூர் முதுநகரில், துறைமுகத்துப் பக்கம். வாப்பா படகுக்காரர்களுக்குக் கயிறும் தாரும் விற்றவர். கரையில் நின்று படகில் இருப்பவனோடு கத்திக் கத்திப் பேசி அவர் தொண்டை பெரிய தொண்டை ஆகிவிட்டது. எங்களுக்கும் அதுவே பழகிப்போனது. வாப்பா இல்லாத நேரத்தில் யார் வந்தாலும் உம்மா உள்ளே இருந்தபடியே, "யாரு? என்ன ஜோலி? கடையில போயி பாருங்க" என்று ஒரு அதட்டல் போடுவார். வந்தவர் கடைக்குப் போய்விடுவார். அதில் யாருடைய மானமும் போய்விடவில்லை.

சிதம்பரத்தில் முதல் வாரமே மாமியாரிடம் கேட்டுவிட்டேன்.

"மாமி, யாரும் இல்லன்னு நாமளே சொன்னா, திருட வந்தவனுக்கு அதுக்கு மேல என்ன வேணும்? சாவியையும் சன்னல் வழியா நீட்டிடலாமே."

மாமி சிரிக்கவில்லை. "பொம்பள குரலு வாசலைத் தாண்டக் கூடாது. இந்தச் சந்துல அதான் மரியாதை" என்றார். மரியாதை என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு பேச்சு ஏது? எரிச்சல் மட்டும் போகவில்லை.

அப்போது மாமனார் காலமாகி வெகுநாள் ஆகியிருந்தது. என் கணவர் பினாங்கில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். கல்யாணம் ஆகி நாற்பதாம் நாள் கப்பல் ஏறியவர். பினாங்கிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் மற்றவர்கள் கொடுத்தனுப்பும் பொட்டலத்தையும் கடிதத்தையும் வீடு வீடாகக் கொண்டுவந்து தருவது வழக்கம். பினாங்கு என்ற சொல் காதில் விழுந்தால் எந்தக் கதவும் தானாகத் திறந்துகொள்ளும்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை நேரம். சந்தில் இருந்த ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலில் இருந்தார்கள். கதவு தட்டப்பட்டது. மாமி வழக்கமான பதிலைச் சொன்னார். வந்தவன் போகவில்லை.

"பினாங்குலேருந்து வர்றேம்மா. உங்க மவன் குடுத்த பொட்டலம் இருக்கு. சேதியும் இருக்கு, நல்ல சேதி இல்ல. மாடிப்படியில விழுந்து காலு ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்காரு. ஊருக்கு அனுப்பி வைக்கப் பணம் வேணும். வீட்டுல இருக்குற நகையை வாங்கியாரச் சொன்னாரு. ரயிலுக்கு நேரமாச்சு, சீக்கிரம் தொறங்க."

மாமிக்கு அவர் ஒரே மகன். "அல்லாவே" என்றபடி தாழ்ப்பாளைப் பிடித்துவிட்டார். நானும் பாதி நம்பிவிட்டேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடிதம் எங்கே? ஆள் வந்தால் கடிதமும் வரும். ஒடிந்தது கால்தானே, கை இல்லையே. மாமியின் கைமேல் என் கையை அழுத்தி வைத்துக்கொண்டு, கடலூர்க் குரலில் கேட்டேன்.

"அவுங்க தாடியை எடுத்துட்டாங்களா, வச்சிருக்காங்களா?"

"வச்சிருக்காரும்மா. நெஞ்சு வரைக்கும் வளந்து கெடக்கு, பாக்கவே பாவமா இருக்கு" என்றான்.

என் கணவருக்குத் தாடி முளைக்கவே முளைக்காது. கல்யாணத்தின்போது அவருடைய கூட்டாளிகள் அதைச் சொல்லித்தான் அவரைக் கேலி செய்து மாய்ந்தார்கள். மாமியின் கை தாழ்ப்பாளை விட்டுவிட்டது.

அதற்குப் பிறகு நான் கத்தியது பள்ளிவாசல் வரைக்கும் கேட்டதாம். "திருட்டுப் பயலே, அங்கேயே நில்லுடா" என்று ஆரம்பித்து, துறைமுகத்தில் கற்ற எல்லாவற்றையும் சொன்னேன். எதிர் வீடுகளில் படபடவென்று கதவுகள் திறந்தன. ஒருத்தி உலக்கையோடு வந்தாள், இன்னொருத்தி துடைப்பத்தோடு. அவன் சைக்கிளில் ஏறித் தப்பிவிட்டான். அவன் போட்டுவிட்டுப் போன பொட்டலத்தைப் பிரித்தோம். உள்ளே வைக்கோல்.

தொழுகை முடிந்து ஆண்கள் வந்தார்கள். திருடனைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்தேன். என்னைப் பற்றிப் பேசினார்கள். மாமனாரின் அண்ணன், நான் பெரிய மாமா என்று அழைப்பவர், முற்றத்தில் நின்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"குடும்பத்துப் பொண்ணு பேசுற பேச்சா இது? அடுத்த வெள்ளிக்குள்ள தப்புன்னு ஒத்துக்கணும். இல்லன்னா கடலூர் பஸ்ஸுல ஏத்தி உட்டுட்டு பையனுக்கும் எழுதிடுவேன்."

பயந்தேன். கணவரோடு நான் வாழ்ந்ததே நாற்பது நாள். பெரிய மாமாவின் கடிதத்துக்கும் அந்த நாற்பது நாளுக்கும் நடுவில் அவர் எதை நம்புவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். ஆனாலும் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வர நானும் விடவில்லை. வியாழக்கிழமை ராத்திரியே என் தகரப் பெட்டியில் துணிமணிகளை அடுக்கிக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டேன். போகத்தான் வேண்டும் என்றால் தலையைக் குனியாமல் போவோம். மாமி அந்த வாரம் முழுக்க அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியைப் பார்த்தும் பேசவில்லை. அது எனக்குப் பெரிய மாமாவின் பேச்சைவிட அதிகமாக வலித்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கதவு தட்டப்பட்டது. "வீட்டுல யாரு?" பெரிய மாமாவின் குரல்தான். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். மாமி என்னை உட்காரச் சொல்லிக் கை காட்டிவிட்டுக் கதவருகே போனார். தாழ்ப்பாளிடம் குனியவில்லை. நிமிர்ந்து நின்றார்.

"ஆளு இருக்கோம் மச்சான்! நான் இருக்கேன், என் மருமவ இருக்கா. ரெண்டு பேரு இருக்கோம். என்ன வேணும், சொல்லுங்க."

அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. எதிர் வீட்டுச் சன்னல் திறந்த சத்தம் கேட்டது. பெரிய மாமாவின் செருப்புச் சத்தம் சந்தில் திரும்பிப் போனது.

மாமி கூடத்துக்கு வந்தார். என் பெட்டியைக் காலால் தள்ளிக் கட்டிலுக்கு அடியில் விட்டார். "நடக்குற எடத்துல இத எதுக்குப் போட்டு வச்சிருக்கே?" என்றார்.