கொழுந்துத் தராசில் என் எடை

எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மேல் எனக்குள்ள ஆத்திரம், வானத்தில் பறந்து இறங்கிய பிறகும் தீரவில்லை. தீர வேண்டும் என்று நான் எந்தச் சாமியிடமும் வேண்டிக்கொள்ளவும் இல்லை.

நான் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவள். மழை நாளொன்றில் மூட்டையோடு வழுக்கி விழுந்து முதுகெலும்பு போனது. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். என்னை லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய கையோடு, என் மூட்டையை மடுவத்தில் தொங்கவிட்டு நிறுத்த மனிதர் அவர். மடுவம் என்றால் நாங்கள் பறித்ததை நிறுக்கும் கொட்டகை. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று அதிலும் கழித்தாராம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா இதை என்னிடம் சொன்னபோது அவள் குரலில் கோபமே இல்லை. பழகிப்போயிருந்தது. அவளுக்கும் சேர்த்து நான் கோபப்பட்டேன்.

போன வருடம் கொழும்பிலிருந்து சிலர் பாராகிளைடரோடு வந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு அது பரசூட். புளத்கொகுபிட்டியப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு மேலே மொட்டையாக ஒரு மலை இருக்கிறது. அங்கிருந்து, நடக்க முடியாதவர்களையும் கண் தெரியாதவர்களையும் இலவசமாகப் பறக்க வைப்பதாகச் சொன்னார்கள். பின்னால் ஓட்டுநர், முன்னால் நாம். என்னைப் போன்றவர்களுக்கென்று சக்கரம் வைத்த இருக்கையே கொண்டு வந்திருந்தார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு முறை அந்த மடுவத்தை மேலே இருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

ஒரு சிக்கல் வந்தது. பறப்பதற்கு முன் எடை தெரிய வேண்டும். அவர்கள் கொண்டு வந்ததோ ஏறி நிற்கும் தராசு. நிற்க முடியாதவளை அதில் எப்படி நிறுப்பது? யாரோ புத்திசாலித்தனமாக, “மடுவத்துத் தராசு இருக்கே!” என்றார்கள். அம்மா இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் என்னை உட்காரவைத்து, நாலு மூலையையும் முடிந்து, கொழுந்து மூட்டையைப் போலவே கொக்கியில் மாட்டினார்கள். முள் என் தலைக்கு மேலே இருந்தது. எனக்குத் தெரியவில்லை.

கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். உதடு லேசாக அசைந்தது. “முப்பத்தொம்பது!” என்று கூவினார்.

ஓட்டுநர் சிங்களவர், இளைஞர். முகம் வாடிவிட்டது. காற்று பலமாக இருக்கிறது, நாற்பதுக்குக் குறைந்தால் இன்றைக்கு ஏற்ற முடியாது என்று சிங்களத்தில் சொல்லி, என்னிடம் மன்னிப்பும் கேட்டார். நான் சாக்குக்குள் தொங்கிக்கொண்டே அதைக் கேட்டேன். கண்ணீர் முட்டியது.

என்னை இறக்கும்போது அம்மா காதோடு சொன்னாள்: “நாலு கழிச்சிட்டாரு.”

“என்னம்மா?”

“முள்ளு நாப்பத்திமூணுல நின்னிச்சு. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிச்சிட்டாரு.”

தினமும் சாயங்காலம் சொல்வது போலத்தான் சொன்னாள். கண்ணால் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை அவள். எனக்கு வந்த வெறியில் காலில் உயிர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. வாய் இருந்தது. மடுவமே அதிரும்படி சிங்களத்தில் கத்தினேன்: இந்த ஆள் என்னையும் கொழுந்தென்று நினைத்துக் கழித்துவிட்டான், திரும்ப நிறுங்கள், நீங்களே முள்ளைப் பாருங்கள்!

ஓட்டுநரே வந்து பார்த்தார். நாற்பத்து மூன்று. வெறும் படங்கைத் தனியாக மாட்டிப் பார்த்தார். முள் ஒரு கிலோவைக்கூடத் தொடவில்லை. பிறகு கணக்கப்பிள்ளையைப் பார்த்து, எடையில் பொய் சொன்னால் வானத்தில் உயிர் போகும் என்று, அத்தனை பெண்களுக்கும் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கினார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

“வேணும்னு செய்யலீங்க, மாத்தயா. கைப்பழக்கம்” என்றார் கணக்கப்பிள்ளை.

அது உண்மை. அதுதான் என்னை இன்னும் எரிக்கிறது. என்னைக் கெடுக்க வேண்டும் என்றுகூட அவர் நினைக்கவில்லை. கை தானாகக் கழித்தது.

எனக்கு முன்னால் பறந்தவர், பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் கண் தெரியாத அண்ணன். இறங்கி வந்து சிரித்தார், அழுதார். “தங்கச்சி, கீழ ஒண்ணுமே இல்ல தங்கச்சி! தடுக்கி விழ ஒரு கல்லுகூட இல்ல!” என்று என் கையைப் பிடித்து உலுக்கினார். பிறகு என் முறை. மூன்று பேர் இருக்கையைத் தள்ளிக்கொண்டு ஓட, சக்கரத்தின் கடகடப்பு சட்டென்று நின்றது. “பயத, அக்கே?” என்று பின்னாலிருந்து கேட்டார் ஓட்டுநர். பயமா? வாய்விட்டுச் சிரித்தேன். என் கால்கள் தொங்கின. அவர் கால்களும் அப்படியேதான் தொங்கின. நான் விழுந்த சரிவு பச்சையாக, சாதுவாகக் கிடந்தது. மடுவத்தின் தகரக் கூரை தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அதன் மேல் காறித் துப்ப வேண்டும் என்று வாயில் சேர்த்து வைத்திருந்தேன். காற்று எதிரே அடித்ததால் விழுங்கிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் தம்பியைத் தள்ளச் சொல்லி மடுவத்துக்குப் போனேன். தராசுக்கு நேர் எதிரே நாற்காலியை நிறுத்தினேன்.

“இங்க என்ன வேல, புள்ள?” என்றார் கணக்கப்பிள்ளை.

“சும்மா பாக்க வந்தேங்க, ஐயா.”

அன்றிலிருந்து தினமும் போகிறேன். முள்ளை மட்டும் பார்க்கிறேன். நான் அங்கே இருக்கும்போது அவருக்கு வேர்க்கிறது. பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, மறைப்பானேன்.

பிறகு மழை பிடித்தது. அம்மாவின் மூட்டை கொக்கியில் ஏறியது. “ஈரத்தப் பாரு புள்ள, இன்னிக்காவது கொஞ்சம் கழிக்க வேணாமா?” என்று என்னிடமே கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசினாள். அந்த மடுவத்தில் அவள் குரலை நான் கேட்டதே இல்லை.

“முள்ளுல உள்ளதச் சொல்லுங்க, ஐயா. எம் புள்ளயத் தொங்கவிட்ட தராசு இது.”

அவர் உள்ளதைச் சொன்னார்.