ரொட்டிக் கத்திக்கு நடந்த பூஜை

பீர்மேடு மலையில் ஒரு துரை பங்களாவில் சமையல் செய்துவந்த அழகுமலைக்கு வருஷக்கணக்காக ஒரே எரிச்சல், கத்திதான். அவர் சுடும் ரொட்டி பஞ்சு போல வரும். எந்தக் கத்தியை வைத்தாலும் நசுங்கிப் போகும். துரைசாணியோ ரொட்டியைத்தான் குறை சொல்வாள்.

கடைசியில் அவரே கொச்சிக்குப் போனார். கடைக்காரன் சிரிக்கச் சிரிக்க, கையோடு கொண்டுபோன ரொட்டியைக் கத்தி கத்தியாக அறுத்துப் பார்த்தார். ரம்பம் போலப் பல் வைத்த நீளக் கத்தி ஒன்றுதான் அமுக்காமல் அறுத்தது. அதை வேறு யாரையும் அவர் தொட விடவில்லை.

ஆயுத பூஜை வந்தது. பூஜைக்கு வைக்காத இரும்பு உருப்படாது என்று, தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் கத்திகளோடு அதையும் பட்டறைக்குக் கொடுத்தனுப்பினார். அங்கே எல்லாவற்றையும் சாணை பிடித்துத்தான் சாமி முன்னால் வைப்பார்கள் என்பது அந்த நேரத்தில் அவர் புத்திக்கு எட்டவில்லை.

மறுநாள் சந்தனமும் குங்குமமுமாக, வாழையிலையில் பளபளவென்று கிடந்தது கத்தி. ஒரு பல்கூட இல்லை.

"ஏலே சுடலை, என்னல பண்ணித் தொலைச்ச?"

கொல்லன் சுடலை பெருமையாகச் சொன்னான்: "வாயெல்லாம் சில்லு சில்லாப் பேந்து கெடந்துச்சுண்ணே. ஒங்க கத்தியாச்சேன்னு கை நோவத் தேச்சேன்."

நல்ல நாளும் அதுவுமாகத் திட்டவும் முடியவில்லை.

"ரொட்டி அறுக்கப் பல்லு வேணும்லே" என்றார் அழகுமலை, அழாத குறையாக.

"அறுக்கறதுக்கு எதுக்குண்ணே பல்லு? திங்கிறவுகளுக்கு இருந்தாப் போதாதா?"