ஆட்டுக்கு வந்த நோய்

பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் சந்துக்குள் ஒரு ஆட்டோ நுழைந்தால் எதிரே வருகிறவர் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நிற்க வேண்டும். நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், மழைத்தண்ணீர் சாக்கடையில் இறங்காமல் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. மெத்தை, தலையணை, என் பள்ளிக்கூடப் பை எல்லாம் நனைந்தன. விடிந்ததும் மாமா நீளக் கம்பியை விட்டுச் சாக்கடையைக் கிளறினார். வந்ததெல்லாம் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் கவர்கள். உள்ளே பழைய சோறு, காய்கறித் தோல், முட்டை ஓடு.

மாமா அம்மாவின் தம்பி. பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை, எங்களோடுதான் இருந்தார். பேசினால் யாரும் கேட்பார்கள் என்பதில் அவருக்கு அபார நம்பிக்கை. அந்த ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய், ஈரக் குப்பையையும் காய்ந்த குப்பையையும் தனித்தனியாகக் கொடுங்கள், நாளைக்கு நம் பிள்ளைகளும் இந்தப் பூமியில்தானே இருக்கப்போகிறார்கள் என்று சொன்னார். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். காபி கொடுத்தார்கள். மறுநாள் காலை சந்து மூலையில் அதே கவர்கள் கிடந்தன.

"நீ பேசறது நல்லாத்தான் இருக்குது தம்பி. வேலைக்கு ஓடற அவசரத்துல எவ பிரிச்சிகினு உக்காருவா?" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

மாமா அதோடு பேச்சை விட்டார். கொஞ்ச நாளில் ஓசூர்ப் பக்கத்து நண்பர் ஒருவரிடமிருந்து ஓர் ஆட்டுக்குட்டியைக் கொண்டுவந்து வாசலில் கட்டினார்.

"தோலு, கீரைத்தண்டு எல்லாம் இதுக்குப் போடுங்கக்கா. கவரோட மட்டும் வேணாம். தின்னா செத்துப்பூடும்."

பூமிக்காகப் பிரிக்காதவர்கள் ஆட்டுக்காகப் பிரித்தார்கள். எதிர்வீட்டு அக்கா கேரட்டை வேண்டுமென்றே தடிமனாகச் சீவினாள். மாடி வீட்டுக்காரர்கள் மட்டும் இறங்கி வரச் சோம்பல்பட்டு, முடிச்சுப் போட்ட கவரையே மேலிருந்து வீசிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் காலை மாமா ஆட்டைக் கூடத்தில் கோணிமேல் படுக்கவைத்து, துண்டு போர்த்தியிருந்தார்.

"நேத்துலேர்ந்து ஒண்ணுமே தின்னல. வயித்துல கவர் போயிருக்குது" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

நான் தேம்பித் தேம்பி அழுதேன். சந்தே திரண்டு வந்தது. கவர் போட்டது யார் என்று எல்லாரும் கேட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கூட்டம் கலைந்ததும் மாமா கதவைச் சாத்தி, ஒரு கட்டு அகத்திக்கீரையை நீட்டினார். ஆடு காம்புகூட மிச்சம் வைக்காமல் தின்றது.

"மாமா, சரியாயிடுச்சு! போய்ச் சொல்லட்டா?"

"ஷ்... வாயத் திறக்காத."

இவ்வளவு நல்ல சேதியை ஏன் மறைக்க வேண்டும்? எனக்குச் சொல்லாமல் இருக்கவே முடியவில்லை. அதற்குள் கதவு தட்டப்பட்டது. வந்தவர் கறிக்கடை பாய். அவர் பின்னாலேயே மறுபடியும் கூட்டம், மாடி வீட்டுக்காரர்கள் உட்பட. ஆட்டைப் பற்றி அந்தச் சந்தில் அவரைவிடத் தெரிந்தவர் இல்லை. மாமாவின் முகம் வெளுத்துவிட்டது.

பாய் குந்தி உட்கார்ந்து ஆட்டின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். வயிற்றை அழுத்தினார். வாயைத் திறந்தார். உதட்டோரம் பச்சையாக ஒரு இலை ஒட்டியிருந்தது. அதைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு எழுந்தார்.

"அரே, கவர்தான் தம்பி. பெரிசா இருக்குது. ஆண்டவன் காப்பாத்தணும். இனி ஒரு கவர் உள்ள போச்சுன்னா அவ்ளோதான்" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

மாடி வீட்டு அங்கிள் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் காலை அவரே இரண்டு வாளிகளோடு படியிறங்கி வந்தார். ஒன்றில் ஈரம், ஒன்றில் காய்ந்தது. மற்றவர்களும் வந்தார்கள். ஆடும் மெல்ல மெல்லத் தேறியது. அடுத்த பெருமழையில் தண்ணீர் ஒழுங்காகச் சாக்கடையில் இறங்கிப் போனது.

எனக்கு ஒரே ஒரு வருத்தம். வருஷக்கணக்காக ஆட்டுக்கறி விற்கிறவருக்கு, நன்றாக இருக்கும் ஆட்டைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லையே! பாவம், நல்ல மனிதர்தான். ஆனால் இனிமேல் அவர் கடையில் கறி வாங்க வேண்டாம் என்று அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எதற்கு என்று கேட்டும் சொல்லவில்லை.